மூன்றை எடு

வானுக்குள் எப்போதும் குளிர்.
யந்திரங்களுக்கு வைத்த குளிர், எனக்கல்ல.
வெளியே திருகோணமலை வேர்த்துக்கொண்டிருக்கும்.
நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு
ஆறு சின்னத் திரைகளுக்கு முன்னால்
விரல் சொடுக்குவேன்.
இரண்டு, ஆயத்தம். எடு.

இருபத்தொன்பது வருடம்.
எத்தனை தில்லானா, எத்தனை தவில்,
அவற்றுக்கு முன்னால் மைக்கை விடாத எத்தனை மந்திரிகள்.
ஒன்றையும் நேரில் கண்டதில்லை.
மேடை முப்பதடி தூரம்தான்,
நடுவில் தகரச் சுவர்.

கமரா ஒன்று ஜயதிஸ்ஸ, மாத்தறை.
தாளம் தெரியாது,
ஆடுகிறவள் மூச்செடுக்கும் இடம் தெரியும்.
இரண்டு நிஸ்தார், கிண்ணியா.
கடைசிப் பாதை போய்விடுமென்று
மங்களத்திலேயே அந்தரப்படுவான்.
மூன்று ஜெகரூபன். பொடியன்.
சொன்னதை விட்டுச் சொல்லாததைப் பிடிப்பான்.
எங்களுக்குள் மொழிப் பிரச்சினை இருக்கவில்லை,
இலக்கங்களில் பேசினோம்.

சமாதானம் என்று சொல்லிக்கொண்ட ஒரு வருடம்,
கோட்டை வாசலுக்கு முன்னால் மேடை.
யசோவதனியின் தில்லானா, நேரடி ஒளிபரப்பு.
காதுக்குள் ஜெகரூபன்:
"மிஸ், மான்."

கோட்டை மான்தான். புள்ளிகள்கூடத் தெளிவு.
மேடைப் படியில் ஒரு முன்னங்காலை வைத்துவிட்டு
மற்றதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது.

ஒன்றில் அவளுடைய பாதம்.
இரண்டில் முகம்.
மூன்றில் மான்.
மானுக்கு யோசிக்க நேரமிருந்தது, எனக்கில்லை.
மூன்றை எடு என்றேன்.

எட்டு விநாடி.
தோரணத்தில் ஒரு குருத்தோலையை இழுத்து,
மென்று,
நாட்டை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கிப் போனது.
இரண்டு. எடு.
முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

கொழும்பிலிருந்து தொலைபேசி: அபாரம்.
பேப்பரில் படம், மானின் படம்.
பிறகு பதவி உயர்வு.
மானால்தான் என்று யாரும் சொல்லவில்லை.
அன்றிரவு அறிக்கையில் நான் எழுதியது ஒரு வரி:
"தில்லானாவில் ஓர் ஆவர்த்தனம் மிகை. மிருதங்கம் தவறு."

மிருதங்கம் சபேசன், சாம்பல்தீவு.
அடுத்த நிகழ்ச்சிக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார்கள்.
அதற்கடுத்ததற்கும்.

போன மாசம் பெரியாஸ்பத்திரியில்,
துண்டு எடுத்துவிட்டு வாங்கிலில் இருந்தபோது
பக்கத்தில் யசோவதனி. முழங்கால் வருத்தம்.
அவளே தொடங்கினாள்.
"அண்டைக்கு அந்த மான் படியில நிண்டதெல்லே.
நான் அந்தப் பக்கம் போயிருந்தா
வெருண்டு சனத்துக்குள்ள பாஞ்சிருக்கும்.
நிண்ட இடத்திலயே அடவை
இன்னொரு சுத்துப் போட்டன்.
சபேசண்ணை என்ர தோளைப் பாத்தே பிடிச்சிட்டார்.
ஒரு சொல்லில்லை, ஒரு கண்சாடையில்லை.
நான் ஆடினதுக்குள்ள அதுதான் ஆட்டம், மிஸ்.
ரீவியில வடிவா வந்திருக்கும், என்ன?"

தாதி இலக்கம் கூப்பிட்டாள்.
அவளுடைய இலக்கம்.
கதவை எட்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

வீட்டில் ஒரு பிரதி இருக்கிறது.
போட்டேன். மான் வந்தது, மென்றது.
அடியில்,
நான் வெட்ட மறந்த ஒலியில்,
சலங்கையும் தோலும்
எட்டு அட்சரம் ஒன்றையொன்று காத்து நின்று
ஒன்பதாவதில் சேர்ந்தே இறங்கின.
நாலு தரம் கேட்டேன்.
பிழை எங்குமில்லை. அறிக்கையில் மட்டும் இருக்கிறது.

மறுநாள் சாம்பல்தீவு பஸ்ஸில்
யன்னலோரம் கிடைத்தது.
கடல் முழு நிறத்தில் வந்துகொண்டிருந்தது.
என்ன சொல்வதென்று சொல்லிப் பார்த்தேன்,
ஒவ்வொரு வசனமும் அறிக்கை போலவே இருந்தது.

கதவைத் திறந்தவர் கொஞ்சம் தடுமாறி,
"ரீவி மிஸ்தானே" என்றார்.
உள்ளே கதிரையில் கிடந்த உடுப்புகளை அள்ளிப்போட்டு,
தோள் துவாயால் துடைத்தார்,
இன்னொருதரம் துடைத்தார்.
நான் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு
வாசலிலேயே நின்றேன்.